பாத்திமுத்து வாசித்த பேப்பர்

'கரிசல் முழக்கம்' வாரப் பத்திரிகைக்கு ஆசிரியர், வெளியிடுபவர், அச்சக உரிமையாளர் மூன்றுமே பூவனநாதன்தான் என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதெல்லாம் பேருக்கு. ஐம்பத்தொன்பதாம் வருஷத்தில் கோவில்பட்டியில் அந்தப் பத்திரிகையை உண்மையில் நடத்திக்கொண்டிருந்தவள் பாத்திமுத்து. அச்சகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதுகூட அவளுக்கு அப்போது தெரியாது.

அவள் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தாள். ஆபீஸ் என்றதும் நாற்காலி மேஜையை நினைத்துவிட வேண்டாம். அது ஒரு நீளமான தகரக் கொட்டகை. வெயில் ஏறினால் உள்ளே இருப்பவர்களை வறுத்தெடுக்கும். நாற்பது பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து, மடியில் கட்டையை வைத்துக்கொண்டு, அதன் வரிப்பள்ளங்களில் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்குவார்கள். அடுக்கி முடித்த கட்டைகள் மருந்து முக்கப் பக்கத்துக் கொட்டகைக்குப் போகும். காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே வேலைதான், கைக்குத்தான் வேலை. வாய்க்கு வேலை வேண்டுமே என்று நாற்பது பேரும் பேசுவார்கள். பேச்சு சண்டையாகும், சண்டை வந்தால் கட்டை நின்றுவிடும்.

பாத்திமுத்து கயத்தாற்றில் அஞ்சாங்கிளாஸ் படித்தவள். அதற்குள் வயசுக்கு வந்துவிட்டதால் பள்ளிக்கூடம் நின்றது, வாசிப்பு மட்டும் நிற்கவில்லை. பொட்டுக்கடலை தீர்ந்ததும் பொட்டலக் காகிதத்தை நீவி விரித்து வாசிப்பாள். புருஷன் குலாம் ரசூல் சைக்கிள் கடை வைத்திருந்தார். சனிக்கிழமை தோறும் கடைக்கு வருகிற 'கரிசல் முழக்கத்தை' அவள் இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்கு வந்து, ஒருநாள் பக்கத்தில் இருந்தவளுக்கு வாசித்துக் காட்டினாள். அதற்கு அடுத்த சனிக்கிழமை கொட்டகை முழுக்கக் காது கொடுத்தது.

கணக்கப்பிள்ளை சீனி முதலில் குதித்தார். பிறகு பார்த்தால், பேப்பர் வாசிக்கிற நேரத்தில் ஒருத்தியும் பேசுவதில்லை, கட்டை மளமளவென்று அடுக்கப்படுகிறது. நாற்பது வாயை அடைக்க ஒரு வாயைத் திறந்துவிட்டால் போதும் என்று கண்டுபிடித்த பெருமை சீனிக்கு உண்டு. ஆனால் வாசிக்கிறவளின் கை ஓடாதே? அதற்கும் பெண்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். பாத்திமுத்துவுக்கு வலப்பக்கம் இருப்பவள் ஒரு கட்டை, இடப்பக்கம் இருப்பவள் ஒரு கட்டை, அவளுக்காக அடுக்கி அவள் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். வலப்பக்கம் சுடலையம்மாள். இடப்பக்கம் அவள் மகள் மாரித்தாய், பத்தொன்பது வயசு, ஆள் இருக்கிற இடம் தெரியாது. மூணாங்கிளாஸ் வரை போனவள்தான். "ஸ்லேட்டு உடைஞ்சுது, அதோட படிப்பும் உடைஞ்சு போச்சு" என்று சுடலையம்மாளே சொல்வாள்.

சிக்கல் என்னவென்றால், பத்திரிகை நாலே பக்கம். அதில் ஒன்றரைப் பக்கம் விளம்பரமும் ஏல நோட்டீசும் தின்றுவிடும். கால் மணி நேரத்தில் பேப்பர் தீர்ந்துவிடும். "அம்புட்டுத்தானா?" என்று நாற்பது முகமும் தொங்கிப்போகும். இரக்க சுபாவம் உள்ள பாத்திமுத்துவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை, பருத்தி விலைக்குக் கீழே, "கழுகுமலையில் ஒரு ஆடு நாலு குட்டி போட்டது. நாலும் சுத்த வெள்ளை" என்று தன் பங்குக்கு ஒரு செய்தியைச் சேர்த்தாள். அடுத்த வாரம் கழுகுமலையிலிருந்து வந்த ஒருத்தி அந்த ஆட்டைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். அன்றிலிருந்து பாத்திமுத்துவுக்குத் தன் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

பிறகு என்ன, கை தாராளமாகிவிட்டது. 'மருமகளுக்குச் சூடான சோறு போடாத வீட்டில் காலரா எளிதில் பரவும் என மதுரை டாக்டர் எச்சரிக்கை' என்று ஒரு வாரம் வாசித்தாள். மூன்று தெருவில் மாமியார்கள் புலம்பிக்கொண்டே உலை வைத்தார்கள். பேப்பரில் போட்டுவிட்டானே, என்ன செய்வது? குழாயடியில் பாத்திமுத்து வந்தால் குடத்தை நகர்த்தி வழிவிட்டார்கள். அந்தக் காலத்துக் கோவில்பட்டியில் தங்க நகையை இரவல் கொடுப்பார்கள், குழாயடியில் முறையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அவளுக்குக் கொடுத்தார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது, ரொம்பவே பிடித்திருந்தது.

ஆனாலும் ஒரு குறை. செய்திகளுக்குக் கீழே 'நமது கயத்தாறு நிருபர்', 'நமது கழுகுமலை நிருபர்' என்று போட்டிருக்கும். அந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு நாக்கில் எச்சில் ஊறும். தன் பெயர் ஒரே ஒரு தடவை அச்சில் வர வேண்டும், அதைத் தன் வாயாலேயே கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி வாசிக்க வேண்டும். வேறு ஆசை கிடையாது.

காலரா செய்தி பூவனநாதன் வரை போனது. ஒரு மாமியார் நேரே அச்சகத்துக்கே போய், "என்னத்துக்கு இப்படி எழுதுதீரு? எம் மருமவ சுடுசோறு கேக்கா" என்று சண்டை பிடித்துவிட்டாள். மனுஷன் தன் பத்திரிகையைத் தானே நாலு தடவை தேடிப் பார்த்தும் அப்படி ஒரு செய்தி இல்லை. விசாரித்து விஷயத்தைத் தெரிந்துகொண்டார். வேறு யாராவது என்றால் கோபப்பட்டிருப்பார்கள். பூவனநாதன் சந்தோஷப்பட்டார். பஞ்சாயத்து போர்டு எலெக்‌ஷன் வந்துகொண்டிருந்தது. அவர் நின்ற வார்டில் பாதி ஓட்டு தீப்பெட்டி ஆபீஸ் பெண்களுடையது. எதிரே நின்றவர் மண்ணெண்ணெய்க் கடை சோலைமுத்து, சுடலையம்மாளின் உடன்பிறந்த தம்பி.

மறுநாளே பூவனநாதன் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சாக்கில் குலாம் ரசூல் கடைக்கு வந்தார். "பாய், உங்க வீட்டம்மா மாதிரி ஒரு ஆளத்தான் நான் நிருபரா தேடிக்கிட்டிருக்கேன்" என்றார். குலாம் ரசூலுக்குப் பெருமை பிடிபடவில்லை. அன்று சாயங்காலமே புருஷனும் பெண்டாட்டியும் அச்சகத்தில் இருந்தார்கள்.

அங்கே பாத்திமுத்துவுக்கு நாற்காலி போட்டார்கள். பித்தளை டம்ளரில் காபி வந்தது. "சொல்லுங்க, நிருபரம்மா" என்றார் பூவனநாதன். முப்பத்திரண்டு வயசு வரை அவளை யாரும் நாற்காலியில் உட்கார வைத்து 'சொல்லுங்க' என்று சொன்னதில்லை. அவளும் சொன்னாள். குழாயில் தண்ணீர் வராத நாள்கள், தீக்குச்சி அடுக்கிக் காய்த்துப்போன விரல்கள், எல்லாவற்றையும் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். பிறகு ரொம்பச் சாதாரணமாக, "சோலைமுத்து வீட்ல கல்யாணப் பேச்சு நடக்குதாமே, அவரு அக்கா மவளுக்கு?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் பாத்திமுத்து வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மூடவில்லை.

ஊருக்கு வருகிற கடிதங்களையும் அவள்தான் வாசித்துக் காட்டுவாள். நாலு மாதத்துக்கு முன்னால் சுடலையம்மாளுக்குக் கயத்தாற்றிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மாரித்தாயை அத்தை மகனுக்குக் கொடுப்பதாக அங்கே வெற்றிலை பாக்கு மாற்றியிருந்தார்கள். பையன் பம்பாய்க்கு ஓடிவிட்டான், இனி வரமாட்டான், நீங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கடிதம் சொன்னது. சுடலையம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "தாயி, இது ஒன் வாயோட போகட்டும். வெளிய தெரிஞ்சா எம் மவள எவன் கெட்டுவான்?" என்றாள். இப்போது கழுகுமலையில் ஒரு நல்ல இடம் கூடிவந்திருந்தது. மாப்பிள்ளை தங்கமான பையன். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா, சொம்பு வாங்கினால்கூடத் தட்டிப் பார்த்து, தூக்கிப் பார்த்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்து வாங்குகிறவள்.

இத்தனையும் காபி ஆறுவதற்குள் பூவனநாதனுக்குத் தெரிந்துவிட்டது. பாத்திமுத்து கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு கஷ்டத்துக்குப் பிறகு நல்லது நடக்கிறது பாருங்கள் என்றுதான் சொன்னாள். அதனால் என்ன, சொன்னது சொன்னதுதானே?

சனிக்கிழமை வந்தது. கொட்டகையில் நாற்பது பேரும் கட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தார்கள். பாத்திமுத்து பேப்பரை விரித்தாள். முதல் பக்கம் முடிந்து, இரண்டாம் பக்கம் திருப்பியதும் அவள் கண்ணில் பட்டது தன் பெயர்தான். 'நமது பெண் நிருபர் பாத்திமுத்து.' கறுப்பு மையில், ஒரு எழுத்தும் சிதையாமல், அழகாக விழுந்திருந்தது. உச்சி குளிர்ந்துபோயிற்று. அந்த ஒரு நிமிஷம் அவளுக்குக் கொட்டகையில் வெயிலே இல்லை.

அப்புறம்தான் மேலே பார்த்தாள்.

'ஒரே பெண்ணை இரண்டு ஊருக்குப் பேசி முடிக்கும் குடும்பத்து வேட்பாளரா நமக்கு வேண்டும்? கயத்தாற்றில் வெற்றிலை மாற்றிய கை, கழுகுமலையில் பூ வைக்கப் போகிறதாம்!'

வலப்பக்கம் சுடலையம்மாள் குச்சி அடுக்கிக்கொண்டே, "என்னட்டி நிறுத்திட்ட? வாசி" என்றாள். இடப்பக்கம் மாரித்தாய் தலையைக் குனிந்து தன் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாத்திமுத்துவுக்குத் தன்னை நினைத்தே அருவருப்பாக இருந்தது. எந்த விரலால் அவள் வரி காட்டி வாசிப்பாளோ அந்த விரலைத் தன் பெயர் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள்.

"ஆசிரியர் பூவனநாதன் வாக்குறுதி!" என்று சத்தமாக ஆரம்பித்தாள். "நமது வார்டில் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எலெக்‌ஷனில் ஜெயித்த பிறகு செய்கிறேன் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. வருகிற திங்கட்கிழமை காலை முதல், என் வீட்டுக் கொல்லையில் உள்ள நல்ல தண்ணீர்க் கிணறு எல்லோருக்கும் திறந்திருக்கும். தாய்மார்கள் குடத்தோடு வரவும்."

கொட்டகையே கலகலத்துப்போயிற்று. பூவனநாதன் வீட்டுக் கிணறு ஊரறிந்த கிணறு. கரிசல் பூமியில் அப்படித் தித்திக்கிற தண்ணீர் எங்கோ ஒரு இடத்தில்தான் ஊறும். மனுஷன் அதற்குத் தகரக் கதவு போட்டு, பூட்டும் போட்டு வைத்திருந்தார். வெயிலம்மாள் என்கிற கிழவி கட்டையைக் கீழே வைத்துவிட்டு, "மகராசன், நல்லா இருக்கட்டும்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

அன்று சாயங்காலம் பாத்திமுத்து பக்கத்தில் இரண்டு கட்டைக்குப் பதிலாக மூன்று இருந்தன. யாரோ மறதியில் வைத்துவிட்டார்கள் என்று நினைத்தாள். அவள் இருந்த நிலையில் அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊரில் பல வீட்டில் ஒரே பேச்சு. டீக்கடையில் யாரோ பேப்பர் வாசித்ததை அரைகுறையாக, கீழே இருந்த பெயர் வரை கேட்காமல், காதில் வாங்கிக்கொண்டு வந்த ஆண்கள், "சோலைமுத்து அக்கா மவள ரெண்டு எடத்துல பேசுனாங்களாமே, பேப்பர்ல போட்டிருக்கான்" என்றார்கள். பெண்கள் நம்பவே இல்லை. "எந்தப் பேப்பர்ல? நாங்கதான் தலையில இருந்து கால் வரைக்கும் கேட்டோமே. கெணத்துத் தண்ணிதான் போட்டிருக்கு. நீரு எங்கன படுத்துக் கெடந்து கேட்டீரு?" என்று வாயடைத்துவிட்டார்கள். கழுகுமலையிலும் இதே கதைதான். மாப்பிள்ளை எங்கோ கேள்விப்பட்டு அம்மாவிடம் போய்ச் சொல்ல, அவள், "அச்சுல எவனும் எதையும் போடுவான். ஒங்க அத்த அந்தக் கொட்டகையிலதான் வேல பாக்கா, காதால கேட்டுருக்கா. அப்படி ஒண்ணும் இல்லங்கா" என்று முடித்துவிட்டாள். சொம்பைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவள்கூட ஏமாந்த இடம் அது.

திங்கட்கிழமை விடிந்தபோது பூவனநாதன் வீட்டு வாசலில் நாற்பது குடம் நின்றது. நாற்பதுக்கு மேலேயே இருக்கும். பாத்திமுத்துவும் ஒரு குடத்தோடு நின்றாள். வராமல் இருந்தால் சந்தேகம் வரும்.

பூவனநாதன் பல் குச்சியோடு வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் குச்சி கீழே விழுந்தது. "நான் எப்ப எழுதுனேன்? எந்த மடையன் சொன்னான்?" என்று உள்ளே ஓடி, பேப்பரைக் கொண்டுவந்து வெயிலம்மாள் மூக்குக்கு நேரே நீட்டினார். "பாரு, எங்க போட்டிருக்கு? காட்டு!"

வெயிலம்மாள் நிதானமாக, "எனக்கு என்ன எழவு தெரியும்? பாத்திமுத்து வாசிக்கட்டும்" என்றாள்.

எல்லோரும் பாத்திமுத்து பக்கம் திரும்பினார்கள். பூவனநாதன் பார்த்த பார்வையில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது தெரிந்தது. அவர் வாயைத் திறந்து உள்ளதை வாசித்தால் போதும், மாரித்தாயின் கல்யாணமும் போகும், கீழே இருக்கிற பெயரும் வெளியே வரும். பாத்திமுத்து குடத்தை இடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள்.

"நான் வாசிச்சா நீங்க நம்ப மாட்டீங்க அண்ணாச்சி" என்றாள். "நீங்களே வாசிங்க. ரெண்டாம் பக்கம், மேல இருந்து ரெண்டாவது. எல்லாருக்கும் கேக்குத மாதிரி வாசிங்க. சுடலையம்மா மதினி இந்தா முன்னாலதான் நிக்காவ. அவிய மவளும் நிக்கா."

பூவனநாதன் பேப்பரைப் பார்த்தார். சுடலையம்மாளைப் பார்த்தார். அவள் தலையில் சும்மாட்டுத் துணியோடு, தண்ணீர் கிடைக்கப் போகிற சந்தோஷத்தில் பல்லெல்லாம் தெரிய அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அச்சுக்கூடத்தில் உட்கார்ந்து எதை வேண்டுமானாலும் எழுதிவிடலாம். எழுதியதை அந்த முகத்துக்கு நேரே வாசிப்பது வேறு சமாச்சாரம். ஒரு தடவை தொண்டையைச் செருமினார். இன்னொரு தடவை செருமினார்.

"அது... இருக்கு, இருக்கு" என்றார் கடைசியில். "போங்க. கொல்லப் பக்கமா போங்க." பூட்டைத் திறக்கப் போகும்போது பாத்திமுத்துவைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. "இனிமே நீ எனக்கு நிருபர் இல்ல" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

இதில் ஒரு கூத்தையும் சொல்லியாக வேண்டும். எலெக்‌ஷனில் பூவனநாதன் ஜெயித்துவிட்டார். சோலைமுத்துவைத் தோற்கடித்தது அந்தச் செய்தி இல்லை, கிணறு. பதவிக் காலம் முடியும் வரை அந்தக் கதவை அவரால் பூட்ட முடியவில்லை. ஊர் முழுக்க அவரைத் தர்மவான் என்றது. நாலைந்து மாதத்தில் அவருக்கே அது உண்மைதான் என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

பாத்திமுத்து சனிக்கிழமை தோறும் முன்போலவே வாசித்தாள். ஆனால் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூடச் சேர்க்கவில்லை. பேப்பர் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று சீனி குறைபட்டார். அவள் பெயர் வந்த பேப்பர் டிரங்குப் பெட்டிக்கு அடியில் நாலாக மடித்துக் கிடந்தது. யாரிடமும் காட்ட முடியாது, கிழிக்கவும் மனசு வரவில்லை. புருஷன் கேட்டதற்கு, "அவரு போடல" என்று சொல்லிவிட்டாள்.

தை பிறந்து கல்யாணம் நெருங்கியது. சோலைமுத்து, எலெக்‌ஷனில் தோற்றாலும் கெத்து குறையக் கூடாது என்று, மஞ்சள் காகிதத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்தார், அதுவும் பூவனநாதன் அச்சகத்திலேயே. சுடலையம்மாள் ஒரு தட்டில் வெற்றிலை, பூ, சந்தனத்தோடு அதைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து பாத்திமுத்து கையில் கொடுத்தாள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடவையாக வாசித்துவிடச் சொன்னாள்.

பாத்திமுத்து விரலை ஓட்டி வாசித்தாள். நாள், நேரம், மாப்பிள்ளை வீடு, பெண் வீடு, 'தங்கள் நல்வரவை எதிர்பார்க்கும்' சுடலையம்மாள், சோலைமுத்து. அதற்குக் கீழே இன்னொரு பெயர் இருந்தது. விரல் அங்கே நின்றுவிட்டது. கண் மறைத்தது.

"அப்புறம் யாரு? யாரு போட்டிருக்கு?" என்று கொட்டகை அவசரப்பட்டது.

இடப்பக்கத்திலிருந்து மாரித்தாய் எட்டிப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் போட்டு வாசித்தாள். "பா... பாத்திமுத்து. குலாம் ரசூல்."

கொட்டகை வாயைப் பிளந்தது. "ஏட்டி, ஒனக்கு வாசிக்கத் தெரியுமா?" என்று பெற்ற தாயே கேட்டாள். மாரித்தாய் வெட்கப்பட்டுக் குனிந்துகொண்டாள். "அக்கா பக்கத்துலயே இருந்து பாத்துப் பாத்து வந்துச்சு" என்றாள்.

மத்தியானம் எல்லோரும் தூக்குச்சட்டியைத் திறந்து உட்கார்ந்த பிறகு, பாத்திமுத்து அவளைத் தூக்குச்சட்டியோடு தனியே கூட்டிப்போய் உட்கார்ந்தாள். கேட்கப் பயமாக இருந்தது, கேட்காமலும் இருக்க முடியவில்லை. "எப்ப இருந்துட்டி ஒனக்கு வாசிக்க வரும்?"

"ரெண்டு வருசமா வரும்க்கா. நீங்க நெசமா வாசிக்கும்போது வெரல் வரி மேல நகரும். கத விடும்போது வெரல் ஒரே எடத்துல நிக்கும். நகருத எடத்த மட்டும் பாத்துப் படிச்சுக்கிட்டேன்."

"அன்னைக்கு?"

"அன்னைக்கும் நின்னுச்சு. நீங்க வெரல வைக்குததுக்கு முந்தி, பக்கத்தத் திருப்புனீங்கள்ல, அப்பவே பாத்துட்டேன். மேல இருந்ததையும் பாத்தேன், கீழ இருந்ததையும் பாத்தேன்." மாரித்தாய் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள். "மொதல்ல ஒங்க தலையில கல்லத் தூக்கிப் போடணும்னுதான் வந்துச்சு. நீங்க கெணத்தப் பத்தி வாசிக்க ஆரம்பிச்சீங்க. அதான் ஒரு கட்ட கூட அடுக்கி வச்சேன்."

பாத்திமுத்து தன் சோற்றைத் தொடாமல் வைத்திருந்தாள். மாரித்தாய் தன் தூக்குச்சட்டியிலிருந்து ஒரு துண்டு கருவாட்டை எடுத்து அவள் சோற்றின் மேல் வைத்தாள். "சாப்பிடுங்கக்கா, அடுக்க வேண்டிய கட்ட கெடக்கு" என்றாள்.